நாற்பத்து மூன்று ஊமைக்கள்ளிகள்

மார்ச் 4

அப்பா இறந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். மருந்துக்கடைக்காரர் புத்தாண்டுக்கு அவருக்குக் கொடுத்த டைரி இழுப்பறையில் அப்படியே கிடந்தது. ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை. கல்லூரியில் வாயைத் திறந்தால் பாடம்தான். அதனால் இதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் தபாலில் ஆய்வு இதழ் வந்தது. ஆறு வருட வேலை, ஏழே பக்கம். எங்கள் கடலோர முள்காட்டில் மட்டும் இருக்கும் ஒரு செடியைப் பற்றிய என் கட்டுரை. பார்த்தால் கள்ளி போலிருக்கும், ஆனால் கள்ளி இனம் அல்ல. ஒடித்தால் பால் வராது. அதனால் செம்மணல்விளைக்காரர்கள் அதை ஊமைக்கள்ளி என்கிறார்கள். கட்டைவிரல் தடிமனில் சாம்பல் நிறத் தண்டு, நாலு பக்கமும் ஊசி முள். மண்ணுக்குக் கீழே தேங்காய் அளவுக்குக் கிழங்கு. இரண்டு வருடம் மழை இல்லாவிட்டாலும் அந்தக் கிழங்கில் இருக்கும் ஈரத்தை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். முழங்கால் உயரச் செடிக்கு என் கணக்கில் எழுபது வயது.

மொத்தம் நாற்பத்து மூன்று செடிகள். இடத்தைக் கட்டுரையில் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் தோண்டிக்கொண்டு போக ஆள் வரும். அழகுக்கு வளர்க்கிறவர்கள் இந்த மாதிரிச் செடிக்காக எதையும் செய்வார்கள். இடம் தெரிந்தவர்கள் நானும் பலவேசமும் மட்டும்.

மார்ச் 11

செம்மணல்விளை போய் வந்தேன். பலவேசம் பேருந்து நிறுத்தத்தில் பைக்குடன் நின்றார். வனத்துறையில் தற்காலிகக் காவலர். ஆறு வருடத்துக்கு முன்பு நான் வேறெதையோ தேடிக் காட்டில் அலைந்தபோது, "இது மாதிரி முள்ளு உங்க புத்தகத்துல இருக்கா டீச்சர்?" என்று இந்தச் செடியைக் காட்டியவர் அவர்தான்.

"என்ன டீச்சர், இன்னைக்கும் எண்ணணுமா? போன மாசம் எண்ணுனதுதான, அதுக்குள்ள நடந்தா போயிரும்?"

"எண்ணினால்தான் எனக்குத் திருப்தி."

உடைமரங்கள்கூட இலை கொட்டி நிற்கின்றன. சிவப்பு மணல் செருப்பைத் தாண்டிச் சுடுகிறது. ஊமைக்கள்ளிகள் எல்லாவற்றிலும் எண் பொறித்த தகடு கட்டியிருக்கிறோம். பதினேழாம் எண் செடியை என்றோ பன்றி முட்டி ஒரு கிளை முறிந்து, திரும்ப ஒட்டி, முழங்கை மடக்கினது போல வளர்ந்திருக்கிறது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

திரும்பும்போது பலவேசம் சொன்னார்: "ஒம்பது வருசமாச்சு டீச்சர். நிரந்தரம் பண்ணுத லிஸ்ட்ல எம்பேரு இருக்குன்னு கிளார்க்கு சொன்னாரு. மே மாசம் ஆர்டர் வந்துரும்."

நானும் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. காட்டினேன். ஆங்கிலத்தில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

மார்ச் 15

ரேஷன் கார்டில் அப்பா பெயரை நீக்கினேன். பத்து நிமிட வேலை.

மார்ச் 19

நிரஞ்சன் பெங்களூரிலிருந்து பேசினான். பத்து வருடத்துக்கு முந்தைய மாணவன். இப்போது அங்கே செடிப் பண்ணை வைத்திருக்கிறான். கட்டுரையைப் படித்துவிட்டானாம். "மேடம், அந்தச் செடிக்கு உங்க பேரையே வச்சிருக்கணும்" என்றான். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

மார்ச் 23

நாற்பத்தேழு வயது முடிந்தது. நிரஞ்சன் வாழ்த்துச் சொன்னான். வேறு அழைப்பு எதுவும் இல்லை. செடியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வருகிறானாம், வீட்டுக்கும் வருவானாம்.

மார்ச் 30

சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். நாலு மணி வரை பார்த்தேன். ஏதோ வேலை வந்திருக்கும்.

மார்ச் 31

மீன் குழம்பு.

ஏப்ரல் 8

வகுப்பில் இருக்கும்போது பலவேசம் அழைத்தார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை வெளியே வந்து எடுத்தேன்.

"டீச்சர், ஒம்பது குழி கெடக்கு. செடியக் காணல."

மதியமே போனேன். ஒன்பது குழிகளையும் பார்த்தேன். பன்றியோ ஆடோ செய்த வேலை இல்லை. கிழங்கில் காயம் படாமல் சுற்றி அகலமாகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு மணலைத் தள்ளி மட்டமாக்கி, மேலே சருகு போட்டிருக்கிறார்கள். தகடுகளைக் கழற்றி ஒரே இடத்தில் குவித்து வைத்திருந்தார்கள். இந்த மாதிரித் தோண்டக் கற்றிருக்க வேண்டும்.

பலவேசம் குழிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தபடியே இருந்தார். "நம்ம ரெண்டு பேருக்குத்தான டீச்சர் எடம் தெரியும்?"

"கட்டுரையைப் படித்துவிட்டு எவனாவது தேடி வந்திருப்பான்."

"அதுல எடம் போடலன்னு சொன்னீயளே."

நான் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

ஏப்ரல் 9

நிரஞ்சனை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. வெளியூரில் இருப்பான்.

ஏப்ரல் 13

இன்னும் முப்பத்தொன்று போய்விட்டன.

பங்குனி உத்திரத்துக்குக் காட்டுக்குள் இருக்கும் கோயிலுக்குக் கூட்டம் வரும், யாரும் தீ வைத்துவிடக் கூடாது என்று காவலர்களையெல்லாம் மூன்று நாள் அங்கே போட்டிருக்கிறார்கள். பலவேசமும் அங்கேதான் இருந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் குழி. சின்னச் செடிகள் மூன்று மட்டும் மிச்சம். விரல் நீளம்தான் இருக்கும், கண்ணில் படவில்லை போல.

ரேஞ்சர் வந்திருந்தார். பிப்ரவரியில் மாற்றலாகி வந்தவர், செடியை இன்றுவரை பார்த்ததில்லை. "எந்த நாள்ல காவல் இல்லன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?" என்று பலவேசத்தைப் பார்த்துக் கேட்டார்.

பங்குனி உத்திரம் என்றைக்கு என்று காலண்டரிலேயே இருக்கிறது. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஏப்ரல் 16

விடைத்தாள்கள் அறுபது திருத்தினேன். சிலிண்டர் வந்தது.

ஏப்ரல் 17

பலவேசத்தைக் கைது செய்துவிட்டார்கள். அவர் வீட்டில் கடப்பாரையும் நாலு சாக்கும் எடுத்தார்களாம். அந்த ஊரில் கடப்பாரை இல்லாத வீடு எது?

என்னையும் ரேஞ்ச் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். செடியைப் பற்றித் தெரிந்தவள் என்ற முறையில் ஒரு வாக்குமூலம். கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பலவேசம் அடுத்த அறையில் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.

ஏப்ரல் 22

கல்லூரியில் சக ஆசிரியை ஒருத்தி போனை நீட்டி, "இது உங்க செடி மாதிரியே இருக்கே" என்றாள். நிரஞ்சனின் பக்கம். கறுப்புச் சட்டியில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி வைத்த படம். விதையிலிருந்து தானே வளர்த்ததாக எழுதியிருந்தான். எண்ணூறு பேர் பாராட்டியிருந்தார்கள்.

ஒரு கிளை முழங்கை மடக்கினது போல இருந்தது.

"இல்லை, இது வேறு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 23

விடுப்பு.

ஏப்ரல் 24

விடுப்பு. தலைவலி. அப்பாவின் சட்டைகளைத் துவைத்துக் காயப் போட்டேன். ஏற்கெனவே துவைத்தவைதான்.

மே 2

பலவேசத்தின் மனைவி சொர்ணக்கிளி வந்தாள். இரண்டு பேருந்து மாறி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஓலைப்பெட்டியில் நுங்கு கொண்டுவந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவியள ஜெயில்ல போய்ப் பாத்தேன் டீச்சரம்மா. டீச்சர் வந்தாவளான்னுதான் மொதல்ல கேக்காவ."

"உடம்பு எப்படி இருக்கிறது அவருக்கு?"

"எளைச்சுப் போனாவ. ஆனா ஒண்ணும் கொறை சொல்லல. மிச்சம் இருக்க மூணு செடிக்குக் காத்துல வேரு தெரிஞ்சிரும், மணல அணைச்சு விடணும், டீச்சர்ட்ட சொல்லுன்னு சொல்லி விட்டாவ." நிறுத்தி, சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஜாமீனு ஒருதடவ தள்ளிட்டாவ. துறை ஆளே செஞ்சது, வெளிய விடக் கூடாதுன்னு சொல்லுதாவளாம். நீங்க படிச்சவிய. அவிய அப்பிடி செய்ய மாட்டாவன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவல்லா?"

"சொல்கிறேன்."

"எப்ப டீச்சரம்மா? பதினஞ்சாந் தேதி லிஸ்ட்டு வருதாம். அதுக்குள்ள சொன்னா நல்லாருக்கும்."

"சொல்கிறேன் கிளி. இந்த வாரமே."

காபியை மூன்று மடக்கில் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நான் தடுத்தும் கேட்கவில்லை.

மே 7

ரேஞ்ச் ஆபீசுக்குக் கிளம்பி, பாதி வழியில் இறங்கி, எதிர்ப் பேருந்து ஏறி வந்துவிட்டேன். வெயில்.

மே 9

நுங்கெல்லாம் புளித்துவிட்டது. கொட்டினேன்.

மே 12

நிரஞ்சன் கடைசியில் எடுத்தான். வேறு எண்ணிலிருந்து அழைத்தேன்.

"ஐயோ மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"பதினேழாம் எண் செடி உன் சட்டியில் இருக்கிறது."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலே வேறாக இருந்தது.

"அது அங்க இருந்தா செத்துப்போயிரும் மேடம். இன்னும் அஞ்சு வருஷத்துல அந்தக் காடே இருக்காது. நான் காப்பாத்திருக்கேன்னுதான் சொல்லணும்."

"ஓர் ஆள் ஜெயிலில் இருக்கிறார்."

"அதுக்கு நான் என்ன பண்ண? அவரப் புடிக்கச் சொன்னது நானா?" பிறகு மெதுவாக, மரியாதையாகவே சொன்னான். "மேடம், இடம் எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டா நான் போனத்தான் காட்டணும். உங்க நம்பர்ல இருந்துதான் வந்திருக்கு. என் பேர் வந்தா உங்க பேரும் வரும். உங்களுக்கு இன்னும் பதிமூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. யோசிச்சுக்குங்க."

நான் யோசித்தேன்.

மே 19

ரேஞ்ச் ஆபீஸ் கிளார்க்கிடம் போனில் கேட்டேன். லிஸ்ட் பதினைந்தாம் தேதியே வந்துவிட்டதாம். பலவேசத்தின் பெயர் இல்லை. வழக்கு இருப்பதால் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறொருவர் சேர்ந்தும் விட்டார்.

மே 20

இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நான் பொய் எழுதவில்லை. ஆனால் எழுத வேண்டியதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 23 அன்று நிரஞ்சன் கேட்டான், "ஒரே ஒரு தடவை அதை அதன் இடத்தில் பார்க்க வேண்டும் மேடம்" என்று. கூட வருகிறேன் என்றேன். "உங்களை வெயிலில் இழுத்தடிக்க மாட்டேன், இடத்தை மட்டும் அனுப்புங்கள், பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து உங்களோடு சாப்பிடுகிறேன்" என்றான். அனுப்பினேன். பலவேசத்திடம் கேட்கக்கூட இல்லை. அன்று என் பிறந்தநாள். யாரோ ஒருவன் என்னோடு சாப்பிட வருகிறான் என்பது எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

ஏப்ரல் 17 அன்று ரேஞ்சர் கேட்ட கேள்வி இது: "அந்த இடம் யார் யாருக்குத் தெரியும்?" நான் எழுதிக் கொடுத்தது இது: "எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்."

ரேஞ்சர் அதைப் படித்துவிட்டு, "அப்ப முடிஞ்சது" என்றார். நான் கோடு தாண்டாமல், அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய கடப்பாரையோ சாக்கோ அவரை உள்ளே தள்ளவில்லை. அந்த ஒரு வரிதான் தள்ளியது.

மே 21

ரேஞ்ச் ஆபீஸ் போனேன். இந்த முறை இறங்கவில்லை. போனை மேசையில் வைத்து மார்ச் 23 அன்று அனுப்பியதைக் காட்டினேன். புதிதாக வாக்குமூலம் எழுதினேன், நாலு பக்கம்.

ரேஞ்சர் முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இத ஏப்ரல்லயே சொல்லியிருந்தா நாப்பதுல முக்கால்வாசி செடிய அப்படியே புடிச்சிருக்கலாம் மேடம். அந்த ஆளுக்கும் வேல போயிருக்காது." அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஒரு நகல் எடுக்கச் சொல்லி ஆளை அனுப்பினார்.

மே 27

பலவேசம் வெளியே வந்துவிட்டாராம். நாற்பது நாள்.

ஜூன் 5

பெங்களூரில் நிரஞ்சனின் பண்ணையைச் சோதனை போட்டார்கள். கிடைத்தவை பதினொன்று. மற்றவை வெளிநாடுகளுக்குப் பார்சலில் போய்விட்டன. பதினேழாம் எண்ணும் போய்விட்டது.

ஜூன் 11

விசாரணை முடியும் வரை வகுப்பு எடுக்க வேண்டாம் என்று கல்லூரியில் கடிதம் கொடுத்தார்கள். துறைத்தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். உலர்செடிச் சேகரிப்பு அறையின் சாவியை ஒப்படைத்தேன். கைதான நிரஞ்சன் ஐந்தே நாளில் ஜாமீனில் வந்துவிட்டான் என்றும் அவர்தான் சொன்னார்.

ஜூலை 3

பதினொரு செடிகளும் வழக்குச் சொத்து. கோர்ட் உத்தரவு வரும் வரை மண்ணில் நடக் கூடாதாம். ரேஞ்ச் ஆபீஸ் பின்வாசலில் வரிசையாகச் சட்டிகளில் வைத்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா தினமும் வாளித் தண்ணீரை எல்லாவற்றுக்கும் ஊற்றுகிறார். பாசத்தோடுதான் ஊற்றுகிறார்.

உள்ளே போய்ச் சொன்னேன். "தண்ணீரே வேண்டாம். கிழங்கு அழுகிவிடும்."

"வாடிக் கெடக்கேம்மா, பாத்தா பாவமா இல்லையா?" என்றார் அவர்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். குற்றத்தில் சம்பந்தப்பட்டவள் எழுதிக் கொடுத்த காகிதம். அதை யார் படிப்பார்கள்?

ஜூலை 28

ஏழு அழுகிவிட்டன. தொட்டால் தண்டு கூழாகிறதாம். கிளார்க் சொன்னார்.

ஆகஸ்ட் 6

பதினொன்றும்.

ஆகஸ்ட் 17

செம்மணல்விளை போனேன். காற்றுக்காலம். தெருவெல்லாம் சிவப்பு மணல் ஓடுகிறது. பலவேசத்தின் வீட்டு வாசலில் இரண்டு பைகள் கட்டி வைத்திருந்தார்கள். சொர்ணக்கிளி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

அவர் வெளியே வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. மார்ச்சில் அப்படி இல்லை.

"வாங்க டீச்சர்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு செய்துவிட்டேன் பலவேசம்" என்று மட்டும் சொன்னேன்.

"மங்களூருக்குப் போறோம். மச்சினன் மீன் கம்பெனில இருக்கான். ஐஸ் அள்ளிப் போடுத வேல." சட்டைப்பையில் எதையோ தேடுவது போலத் தேடினார். "எடத்த ஒருத்தன்ட்ட சொன்னீய. அது மனுசன் செய்யுததுதான் டீச்சர். நம்புன ஆளுட்டச் சொல்லுததுதான். அதுக்கு எனக்குக் கோவம் இல்ல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ரேஞ்சரு நீங்க எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுனாரு. 'எனக்கும் அவருக்கும் மட்டுமே'ன்னு. அந்தால கேட்டாரு, 'டீச்சரே எழுதிக் குடுத்துட்டாங்க, இனி என்னல சொல்லப் போற'ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? டீச்சர் எழுதுனா சரியாத்தான் இருக்கும், வேற யாருக்கும் தெரியாது, ஆனா நான் எடுக்கலன்னேன். நாப்பது நாளும் அதத்தான் சொன்னேன். உங்க மேல ஒரு சந்தேகம் வரல டீச்சர் எனக்கு. அத நெனச்சாத்தான்…"

காற்று மணலை வாரி அடித்தது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். காற்று ஓய்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"இன்னொரு எடத்துல இருக்கு டீச்சர்."

"என்ன இருக்கு?"

"ஊமைக்கள்ளி. இத விடக் கூடுதலாவே இருக்கு. போன வருசம் பாத்தேன். ஆர்டர் கெடச்ச அன்னைக்கு உங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு வச்சிருந்தேன்."

எத்தனை, எந்தப் பக்கம், நிழலிலா வெயிலிலா, எல்லாக் கேள்வியும் ஒரே நேரத்தில் என் வாய்க்கு வந்தன. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றார். "இனி இங்க வராதீய. கிளிக்குக் கஷ்டமா இருக்கு."

நான் கும்பிட்டேன். அவரும் பழக்கத்தில் கையைத் தூக்கிப் பாதியில் இறக்கிவிட்டார்.

செப்டம்பர் 9

காட்டில் விட்டுப் போன மூன்று சின்னச் செடிகளில் இரண்டு பட்டுவிட்டனவாம். காற்றில் வேர் வெளியே வந்துவிட்டது. வழக்கு இருப்பதால் காட்டுக்குள் போக இப்போது எனக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்த மே மாதத்தில் நான் போகவில்லை.

செப்டம்பர் 14

அப்பாவின் கட்டிலை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 13

ரேஞ்சர் போன் செய்தார். மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம். இந்தச் செடி வேறு எங்காவது இருக்கிறதா, இருந்தால் வேலி போட்டு, பலகை வைத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்வார்களாம். பத்திரிகைக்காரர்களையும் கூட்டிப் போகிற திட்டம் இருக்கிறது. "நீங்களே கண்டுபிடிச்சுக் கொடுத்தா, உங்க விசாரணைக்கும் நல்லதுதான் மேடம்" என்றார். நல்ல மனசோடு சொன்னார் என்றே நினைக்கிறேன்.

போனில் வரைபடத்தைத் திறந்தேன். பலவேசம் தினமும் நடந்த வழி எனக்குத் தெரியும். எந்த மணலில், எந்தச் சரிவில் அந்தச் செடி நிற்கும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று இடங்கள் சந்தேகம். இரண்டு நாள் நடந்தால் போதும்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு காகிதம் எடுத்து எழுதினேன்: "ஆறு ஆண்டு கள ஆய்வின் அடிப்படையில், இந்தக் காட்டில் வேறு எங்கும் இச்செடி இருக்க வாய்ப்பில்லை." கையெழுத்துப் போட்டேன். செடியின் இடத்தைப் பற்றி இந்த வருடம் அந்த ஆபீசுக்கு நான் எழுதித் தரும் மூன்றாவது காகிதம். நடுவில் எழுதியது மட்டும்தான் உண்மை.

தபால் நிலையம் மூடுவதற்குள் போய்ப் போட்டுவிட்டேன். இனி நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது.